போக மாட்டேன் என்று சொன்ன மதினி

வீட்டுக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் போடுவதற்கே ஒரு மாதம் யோசிக்கிறவன் என் அண்ணன். கப்பலில் எஞ்சினியர். அப்படிப்பட்டவன், பாங்காக்கில் கப்பல் பழுதாகி இரண்டு மாதம் நின்ற இடைவெளியில் ஒரு கல்யாணத்தையே முடித்துவிட்டான். கையில் நீராவி பட்டுப் புண்ணாகி, துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த கிளினிக்கில் கட்டுப் போடப் போயிருக்கிறான். கட்டுப் போட்டவள்தான் என் மதினி. புண் ஆறின பிறகும் இரண்டு வாரம் வந்து கட்டு மாற்றிக்கொண்டான் என்று பிற்பாடு மதினியே என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

மெட்ராஸ் இன்னும் சென்னை ஆகாத காலம் அது. தச்சநல்லூரில் எங்கள் தெருவில் ஒருத்தன் மதுரைப் பக்கம் பெண் எடுத்தாலே வெளியூர்ச் சம்பந்தம் என்று நாலு நாள் பேசுவார்கள். இவன் தாய்லாந்திலிருந்து கூட்டிவந்தால் கேட்கவா வேண்டும்! அம்மா மூன்று நாள் அண்ணனிடம் பேசவில்லை. அப்பா இறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படியா என்று சுவரைப் பார்த்துப் புலம்பினாள். நாலாம் நாள் காலையில் மதினி வந்து இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி, தலையைத் தாழ்த்திக் கும்பிட்டாள். அது அவர்கள் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் செய்வதுதான். அம்மாவுக்கு அது தெரியாது. கையெடுத்துக் கும்பிடத் தெரிந்த பிள்ளை என்று சொல்லி அன்றைக்கு அவளுக்குத் தன் கையாலேயே இலை போட்டாள்.

தெருவில் அவளைச் சீனாக்காரி என்று கூப்பிட்டார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டையும் நன்றாகத் திறந்திருந்தது. எதிர்வீட்டுக்குப் போய், அது சீனா இல்லை தாய்லாந்து, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் தெரியுமா என்று பாடமே எடுத்துவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்து, பாவம், அவளைச் சீனாக்காரி என்பதை விட்டுவிட்டு என்னை வாய்க்காரி என்றார்கள்.

வெளிநாட்டுக்காரர் குடியிருக்க வந்தால் போலீஸ் அலுவலகத்தில் பதிய வேண்டும். அண்ணன் ஒரு மாதத்தில் கப்பலுக்குத் திரும்பிவிட்டதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தில் 'தாய்' என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த ஏட்டையா கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், தாய்மொழி தாய்னு எழுதியிருக்கீக. எல்லாருக்கும் அது தாய் மொழிதான். எந்த மொழின்னு எழுதுங்க."

விளக்கிச் சொன்ன பிறகும் அவருக்குத் திருப்தி இல்லை. பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, அது நாட்டின் பெயர் என்று எழுதச் சொன்னார். அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை விசாரிப்புக்கு என்று வீட்டுக்கு வந்து, மதினி போட்ட காப்பியைக் குடித்து, நல்லா இருக்காகளா என்று கேட்டுவிட்டுப் போவார். எங்கள் தெருவிலேயே போலீஸ் நலம் விசாரிக்கிற ஒரே மருமகள் அவள்தான்.

அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை, அம்மாதான். புத்தகம் பேனா எதுவும் கிடையாது. அடுப்படியில் கரண்டியை நீட்டி "இது கரண்டி" என்பாள், தேங்காயை நீட்டி "துருவு" என்பாள். ஆறே மாதத்தில் மதினி எங்களூர்த் தமிழை எங்களைவிடச் சுத்தமாகப் பேசினாள். கொஞ்சம் ராகம் போட்டுப் பேசுவாள், அவ்வளவுதான். சனிக்கிழமை மட்டும் பின்தெருவில் என்னோடு வேலை பார்த்த கிறிஸ்தவ டீச்சர் வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வருவாள். நாங்கள் சைவம். அம்மாவுக்கு விஷயம் தெரியும். "வந்தா குளிச்சிட்டு உள்ள வரச் சொல்லு" என்று என்னிடம் பொதுவாகச் சொல்லி வைப்பாள்.

இந்தத் தமிழ்ப் பாடத்தில் ஒரு நாள் பெரிய கலாட்டா ஆகிவிட்டது. மதினியின் ஊரில் நாலு பேர் இருக்கிற இடத்தைவிட்டுக் கிளம்பும்போது 'நான் முன்னால் போகிறேன்' என்பார்களாம். மரியாதையான பேச்சு. அவள் அதை அப்படியே தமிழாக்கி, கடைக்குக் கிளம்பும்போது அம்மாவைப் பார்த்து, "அத்தை, நான் உங்களுக்கு முன்னால போறேன்" என்று சொல்லிவிட்டாள். புருஷனைப் பறிகொடுத்தவள் காதில் விழுகிற வார்த்தையா இது! அம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, சொல்லிக்கொடுத்தாள்.

"போறேன்னு எப்பவும் சொல்லப்படாது தாயி. போயிட்டாருன்னா செத்துட்டாருன்னு அர்த்தம். போயிட்டு வாரேன்னு சொல்லணும். இல்லன்னா சும்மா வாரேன்னு சொல்லு. யாராவது போறியான்னு கேட்டாலும், போக மாட்டேன்னு சொல்லணும்."

கடைசி வாக்கியம் அம்மாவின் சொந்தச் சரக்கு. பயத்தில் ஒரு பிடி கூடப் போட்டுவிட்டாள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அண்ணன் கப்பலிலிருந்து இறங்கி ஊருக்கு வருவான் என்று பார்த்தால், மேல்சான்றிதழ் படிப்புக்கு நேரே இங்கிலாந்துக்குப் போய்விட்டான். மதினி அவனைப் பார்த்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.  தபால்காரர் மணி அடித்தால் கையில் மாவோடு ஓடுவாள். ஒரு நாள் அவன் கடிதம் வந்தது: இரண்டு பரீட்சைக்கு நடுவில் ஆறு வாரம் இருக்கிறது, என்னால் நகர முடியாது, அவளை எப்படியாவது விருந்தாளி விசாவில் அனுப்பி வை. அதைப் படித்துவிட்டு மதினி கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டாள். அங்கே அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சைப்புல்லும் இஞ்சி மாதிரி ஒரு கிழங்கும் வளர்த்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். செடி மூழ்கிப்போயிருக்கும்.

விசா என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தாய்லாந்து பாஸ்போர்ட் என்பதால் பாங்காக்கில் போய்த்தான் கேட்க வேண்டும் என்று திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு டிராவல்ஸ்காரர் அடித்துச் சொன்னார். அதைவிட ஒரு படி மேலே போய், முதலில் டிக்கெட்டை வாங்குங்கள், டிக்கெட்டைக் காட்டினால் விசா தன்னால் வரும் என்றார். எனக்குச் சந்தேகம். எஸ்.டி.டி. பூத்திலிருந்து மெட்ராஸில் இருந்த இங்கிலாந்துத் தூதரகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். சட்டப்படி எங்கே குடியிருக்கிறாரோ அங்கேயே விண்ணப்பிக்கலாம், விசா கைக்கு வருமுன் டிக்கெட் வாங்க வேண்டாம் என்று பதில் வந்தது. டிராவல்ஸ்காரரிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

அண்ணனின் அழைப்புக் கடிதம், அவன் படிக்கிற இடத்துச் சான்று, அவன் அறையில் அவளும் தங்கலாம் என்று வீட்டுக்காரர் எழுதின தாள், கல்யாணப் பத்திரமும் அதன் இங்கிலீஷும், செலவை அவன் பார்த்துக்கொள்வான் என்பதற்கான பாங்குக் காகிதம். எல்லாவற்றுக்கும் மேல், அங்கே போய்விட்டு இந்தியாவுக்குள் திரும்பி நுழைய இங்கே ஒரு அனுமதி. அதை ஏட்டையாவே அலைந்து வாங்கிக் கொடுத்தார்; நம்ம வீட்டுப் பிள்ளை என்றார். இத்தனை காகிதத்தையும் அடுக்கிப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. அவர்கள் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். விருந்துக்கு வருகிறவள் சொன்ன நாளில் திரும்பிப் போய்விடுவாளா? அதில் நம்பிக்கை வந்தால் மற்றதெல்லாம் தாண்டிவிடலாம்.

நேர்காணல் எந்த மொழியில் வேண்டும் என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. மதினியின் இங்கிலீஷ் கிளினிக் இங்கிலீஷ்: வலிக்குதா, எங்கே, கையை மடக்கு. அவள் மொழிக்கு மெட்ராஸில் ஆள் இல்லை. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு 'தமிழ்' என்று எழுதினேன். அந்தப் பெருமைக்கு எனக்கு நன்றாக வேண்டும்.

மெட்ராஸில் தூதரகத்துக்குள்ளே அவளை மட்டும்தான் விட்டார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். முக்கால் மணி நேரத்தில் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். எல்லாம் நன்றாகச் சொன்னேன் என்றாள். சாயங்காலம் பாஸ்போர்ட்டோடு ஒரு கடிதம் கொடுத்தார்கள். விசா இல்லை. ஆறு வார முடிவில் அந்த நாட்டைவிட்டுப் போக மாட்டேன் என்று நேர்காணலில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தது.

எழும்பூரில் ஒரு சைவ ஓட்டலில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மதினி பூரியைத் தொடவில்லை. கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவும் அவளுக்குப் பயம்.

"மதினி, உள்ள மொழிபெயர்த்துச் சொன்ன அந்தத் தமிழ்க்காரர் என்ன கேட்டாரு? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"ஆறு வாரம் முடிஞ்சதும் நீங்க போயிடுவீங்களான்னு கேட்டாரு."

"நீங்க?"

"போக மாட்டேன்னு சொன்னேன். மறுபடியும் கேட்டாரு. மறுபடியும் சொன்னேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முன்னப்பின்ன தெரியாத மனுசன், நான் என்னைக்குச் சாவேன்னு எதுக்குக் கேக்காருன்னுதான் எனக்கு வெளங்கல. ஆனா மரியாதையாத்தான் சொன்னேன், அத்தை சொல்லித்தந்த மாதிரி."

 எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். மதினிக்கு விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. அப்போ பார்க்கவே முடியாதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியில் என் சிரிப்பு அடங்கிவிட்டது. பார்க்கலாம், நான் விட மாட்டேன் என்று சொல்லி அவள் தட்டிலிருந்த பூரியைப் பிட்டு ஊட்டினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். போறியா என்றால் போக மாட்டேன் என்று சொல்லச் சொன்னது யார் என்று கேட்டேன்.  அம்மா, வெள்ளைக்காரனுக்கு இதுகூடத் தெரியவில்லையா, இத்தனை வருஷம் இங்கே இருந்து என்னத்தைப் படித்தான் என்று பழியை அங்கே தூக்கிப் போட்டாள். ஆனால் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், அடுத்த தடவை நானும் மெட்ராஸுக்கு வருகிறேன், நான் கெடுத்ததை நானே சரிசெய்கிறேன் என்றாள். அம்மா அதுவரை மெட்ராஸைப் பார்த்ததில்லை.

திரும்ப விண்ணப்பிக்கத் தடை இல்லை, ஆனால் மறுத்த காரணத்துக்குப் பதில் இருக்க வேண்டும். பதில் எழுத உட்கார்ந்தேன். எங்களூரில் கிளம்புகிறவர்கள் 'வருகிறேன்' என்பார்கள் என்று இங்கிலீஷில் எழுதிப் பார்த்தால், புத்தி பேதலித்த கோட்டிக்காரி எழுதினது மாதிரி இருக்கிறது. நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். ஐந்தாவதில் சுற்றி வளைக்காமல் எழுதினேன்: எங்கள் வீட்டில் 'போகிறேன்' என்று சொல்கிறவர் திரும்பி வராதவர். 'போக மாட்டேன்' என்று இவள் சொன்னதற்கு, கட்டாயம் திரும்பி வருவேன் என்று அர்த்தம். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மாமியார் இத்துடன் நேரில் வருகிறார்.

கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று மதினியைப் பழக்க வேண்டுமே! வீட்டில் வைத்துப் 'போயிருவேன்' என்று சொல்ல அம்மா விடவில்லை. நல்ல நாளும் பொழுதுமாக வீட்டுக்குள் அந்த வார்த்தை வேண்டாம் என்றாள். சரி, ரயிலில் என்றேன். ரயில் கிளம்பியதும் நான் ஆரம்பிக்க, கோவில்பட்டி தாண்டட்டும் என்றாள். கோவில்பட்டி தாண்டியதும் காதைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "இங்கன வச்சுச் சொன்னா நம்ம வீட்டுக்கு ஒட்டாது. சொல்லு" என்றாள். எதிர் சீட்டில் இருந்த அண்ணாச்சி ஒருவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனார்.

இந்தத் தடவை கடிதத்தைப் படித்த அதிகாரி ஒரு வெள்ளைக்கார அம்மாள். உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பக்கத்தில் அதே மொழிபெயர்ப்பாளர். அவரிடம் தாளைக் காட்டினார். மனுஷர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் சொல்வோம், இந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துபோச்சு என்று எங்களிடம் தமிழில் சொன்னார். வெளியே நின்ற என்னையும் அம்மாவையும் அப்போதுதான் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். மூன்று பேரும் கண்ணாடிக்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம்.

மதினியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். ஆறு வாரத்தில் இந்தியாவுக்குத் திரும்பி வருவீர்களா என்று மொழிபெயர்ப்பாளர் பதமாகக் கேட்டார். வருவேன், எங்க அத்தைகிட்ட வருவேன் என்றாள் அவள். கோவில்பட்டியிலிருந்து விழுப்புரம் வரை பழக்கினதெல்லாம் தேவைப்படவே இல்லை.

அந்த அம்மாள் அதோடு விடவில்லை. புருஷன் அங்கே, பிறந்த ஊர் வேறெங்கோ. இவள் திருநெல்வேலிக்குத் திரும்பி வருவாள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அம்மாவைக் கேட்டார். நியாயமான கேள்விதான். என்னால்கூடப் பதில் சொல்லியிருக்க முடியாது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எம் புள்ள கடல்ல திரியுதவன். அவன் வருவானா மாட்டானான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. இவ வருவா. கொல்லையில செடி வச்சிருக்கா. ஆறு வாரம் நான் தண்ணி ஊத்துதேன்னு ஒத்துக்கிட்டேன். ஏழாவது வாரம் ஊத்த மாட்டேன். அது அவளுக்குத் தெரியும்."

மொழிபெயர்ப்பாளர் இதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். இந்தத் தடவை மிகவும் கவனமாகச் சொன்னார். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். சாயங்காலம் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருந்தது, ஆறு மாதத்துக்கு. மதினி அதைத் தடவிப் பார்த்துவிட்டு நடுரோட்டில் அம்மாவின் காலில் விழுந்தாள். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் அவரோடும் சண்டை போட்டேன்.

அவளைப் பெட்டி கட்டி அனுப்பினோம். பெட்டியை அம்மாவே அடுக்கினாள், எங்களைக் கிட்டே விடவில்லை. வீடு வெறிச்சென்று ஆனது. ஏட்டையா வந்தால் காப்பி போட ஆள் இல்லை. நாலாவது வாரம் அண்ணனிடமிருந்து கடிதம். விசா ஆறு மாதத்துக்கு இருக்கிறதே, அவள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா, அம்மாவைக் கேட்டு எழுது என்றிருந்தான். படித்துக் காட்டினேன். சொன்ன வார்த்தை என்ன ஆவது என்று எனக்குச் சுரீர் என்றது. அம்மா சத்தமே போடவில்லை. புருஷனோட இருக்கத்தானே போனா, இருக்கட்டும்னு எழுது என்று சொல்லிவிட்டு மாவு சலிக்க ஆரம்பித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிப் போட்டேன்.

கடிதம் போய்ச் சேர்ந்ததோ என்னவோ, ஆறு வாரம் முடிந்த மறுநாள் மெட்ராஸிலிருந்து மதினி போன் பண்ணினாள், பக்கத்து வீட்டு நம்பருக்கு. நாளைக் காலை ரயிலில் வருகிறாளாம். அம்மா ஐந்து மணிக்கே குளித்துவிட்டு ஜங்ஷனுக்குக் கிளம்பிவிட்டாள்.

ரயிலிலிருந்து மதினி இறங்கினாள். கன்னம் சதை போட்டிருந்தது, அம்மாவோ பிள்ளை மெலிந்துவிட்டாள் என்றாள். கூட்டம் கலைகிறவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, எனக்கும் கேட்கும்படிதான், சொன்னாள்.

"அன்னைக்கு அந்த வெள்ளைக்காரிகிட்ட நான் பொய்தான் சொன்னேன் தாயி. நீ திரும்பி வரமாட்டேன்னு நெனச்சுத்தான் உன்ன அனுப்புனேன்."

 மதினிக்கு அதிர்ச்சியே இல்லை.

"தெரியும் அத்தை. அங்க போயிப் பொட்டியத் தொறந்தேன். ஆறு வாரத்துக்குப் போற பிள்ளைக்குக் கல்யாணச் சேலை வரைக்கும் எல்லாச் சேலையையும் அடுக்கி வச்சிருந்தீகளே." பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "அதான் வந்துட்டேன்."